நியூட்ரானுக்குப் பதிலாக ஹீலியம்-3

கேள்வி: நியூட்ரானின் தற்சுழற்சியை (ஸ்பின்: துகளுக்குத் திசை தரும் உள்ளார்ந்த பண்பு) ஆராயும் இயற்பியலாளர்கள் ஹீலியம்-3 வாயுவை இலக்காக வைப்பது ஏன்? அதன் அணுக்கருக்களை ஒரே திசையில் எவ்வாறு திருப்புகிறார்கள்?

பதில்: தனி நியூட்ரான் சராசரியாக 15 நிமிடங்களுக்குள் சிதைந்துவிடுவதால், அதைக் கலத்தில் அடைத்து எலக்ட்ரான் கற்றையின் முன் நிறுத்த வழியில்லை. இரண்டு புரோட்டான்களும் ஒரு நியூட்ரானும் கொண்ட ஹீலியம்-3 அணுக்கருவிலோ, புரோட்டான்களின் தற்சுழற்சிகள் பெரும்பாலும் எதிரெதிராக அமைந்து ஒன்றையொன்று நீக்கிவிடுவதால், எஞ்சுவது ஏறத்தாழ நியூட்ரானின் தற்சுழற்சியே.

திருப்புவதுதான் கடினம். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் பயன்படும் முறையில், கண்ணாடிக் கலத்திலுள்ள ஹீலியத்துடன் சிறிது ருபிடியம் என்ற உலோகத்தைச் சேர்த்துச் சூடாக்கி, அந்த ஆவியின் மீது 795 நானோமீட்டர் அலைநீளமுள்ள, வட்டத் தளவிளைவுற்ற (மின்புலம் சுழன்றபடி முன்னேறும்) லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ருபிடியத்தின் எலக்ட்ரான்கள் நொடிப்பொழுதில் ஒரே திசைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் மோதல்களின் வழியே அந்த ஒழுங்கு ஹீலியம் அணுக்கருக்களுக்குக் கைமாறப் பல மணி நேரம் ஆகும். பொட்டாசியத்தையும் கலந்தால் இந்தக் கைமாற்றம் திறம்பட நிகழும் என்று கண்டதே, என் பார்வையில், இத்துறையின் மிக நயமான முன்னேற்றம். கலமும் எளிய பொருளன்று: சுவரில் காந்தத் தன்மையுள்ள மாசு சிறிதளவு இருந்தாலும் சேர்த்த ஒழுங்கு குலைந்துவிடும் என்பதால், அலுமினோசிலிக்கேட் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்து, கைதேர்ந்த கண்ணாடி வினைஞர்களைக் கொண்டு அதைச் செய்விக்கிறார்கள்.