கொரிய ஒளிப்பதிவாளர் ஒருவர் ஹாலிவுட்டில் கால்பதிப்பது எப்படி?

சுங் சுங்-ஹூன் போன வழியைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ‘ஓல்ட்பாய்’ (2003) முதல் இயக்குநர் பார்க் சான்-வூக்கின் கூட்டாளி. பார்க்கின் முதல் ஆங்கிலப் படம் ‘ஸ்டோக்கர்’ (2013) இவரையும் அமெரிக்காவுக்கு அழைத்துப்போனது. பிறகுதான் ‘இட்’ (2017), ‘வொங்கா’ (2023) எல்லாம். நடுவில் ‘தி ஹேண்ட்மெய்டன்’ (2016) எடுக்கக் கொரியாவுக்கும் போனார். உறவை அறுத்துக்கொள்ளாதது புத்திசாலித்தனம்.

மீதிப் பாதி, காகித வேலை. அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கு அமெரிக்கா தரும் தற்காலிக வேலை விசாவான ஓ-1-க்கு ஒளிப்பதிவாளரே மனுப் போட முடியாது. அமெரிக்கத் தயாரிப்பு நிறுவனமோ ஏஜென்டோ போட வேண்டும். திரைத்துறை என்றால் தொழிற்சங்கம், நிர்வாகத் தரப்பு அமைப்பு இரண்டின் கருத்துக் கடிதமும் தேவை. பலர் சறுக்குவது மொழியில்: விருதுச் சான்று, விமர்சனம் எதுவானாலும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்போடுதான் செல்லும். படப்பிடிப்பிலும் ஒரு மாற்றம் உண்டு. சங்க விதிப்படி நடக்கும் படங்களில் கேமராவை இயக்கத் தனி ஆபரேட்டர் இருப்பார்.