டாக்டரிடம் கேளுங்கள்: விறைப்புக் குறைபாடு உடலாலா, மனத்தாலா?

சென்ற இதழில் சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் சிலவற்றில், பாதத்தைப் பற்றிய கேள்விக்குக் கீழே, சிறிய எழுத்தில், வேறொரு கேள்வியும் இருந்தது. மருத்துவமனையிலும் இப்படித்தான் நடக்கிறது. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை சென்ற பிறகே திரும்பி, ‘இன்னொரு விஷயம் டாக்டர்’ என்று தொடங்குவார்கள். அந்த இன்னொரு விஷயத்துக்கே இம்முறை முழுப் பகுதியையும் ஒதுக்குகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 47. ஜவுளிக்கடையில் காசாளராக இருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும், மூன்று ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஓராண்டாகத் தாம்பத்திய உறவின்போது விறைப்பு முழுமையாக வருவதில்லை, வந்தாலும் நிலைப்பதில்லை. இரவு பத்து மணிக்குக் கடையடைத்து வரும் களைப்புதான் காரணம் என்கிறார் ஒரு நண்பர். நரம்புத் தளர்ச்சி என்கிறார் இன்னொருவர். உண்மையான காரணம் என்ன?
– வாசகர், திருப்பூர்

பதில்: களைப்பு ஓரிரு நாள்களுக்குக் காரணமாக இருக்கலாம், ஓராண்டுக்கு இருக்க முடியாது. மூன்று மாதங்களுக்கு மேல் இந்நிலை தொடர்ந்தால் அதை விறைப்புக் குறைபாடு என்றே கருதிக் காரணத்தைத் தேட வேண்டும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது உங்கள் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களிடம் நடத்தப்பட்டு, 1994-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஓர் அளவில் இக்குறைபாடு இருந்தது.

ஆணுறுப்புக்குள் நீளவாக்கில் பஞ்சு போன்ற இரண்டு திசுத் தண்டுகள் இருக்கின்றன. கிளர்ச்சியின்போது மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் ஆணை நரம்பு நுனிகளை அடைந்ததும், அங்கும் இரத்தக்குழாயின் உட்சுவரிலும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு சுரந்து, அங்குள்ள தசைகளைத் தளர்த்துகிறது. தளர்ந்த குழாய்களின் வழியே இரத்தம் பாய்ந்து பஞ்சுத் திசுவை நிறைக்க, உப்பிய அந்தத் திசுவே இரத்தத்தை வெளியேற்றும் சிரைகளை அழுத்தி அடைத்துவிடுகிறது. ஆகவே நரம்பு, இரத்தக்குழாய், தசை, ஹார்மோன், மனம் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் ஒத்துழைத்தால்தான் விறைப்பு நிகழும். இரத்தக்குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடு ஆற்றும் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நீண்ட காலச் சர்க்கரை நோய் இவற்றில் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டுப் போவதில்லை. அது குழாயின் உட்சுவரைக் கெடுக்கிறது. நரம்பு நுனிகளை அரிக்கிறது. சிலருக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவையும் குறைக்கிறது. சர்க்கரை நோய் உள்ள ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகவும், பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவும் வருகிறது. உங்கள் பாதத்தில் எரிச்சலோ மதமதப்போ இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், அதே பாதிப்பு இடுப்புக்குழி நரம்புகளிலும் இருக்கக்கூடும். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று உங்கள் நண்பர் சொல்வது வேறு. சுவர் விளம்பரங்கள் பரப்பிய அந்தப் பெயரில் மருத்துவத்தில் நோய் எதுவும் இல்லை.

இனி எழுதப்போவதை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆணுறுப்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் விட்டம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர்தான். இதயத் தமனியின் விட்டம் மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர். கொழுப்புப் படிவு உடலெங்கும் ஒரே காலத்தில் வளர்கிறது என்றால், குறுகிய குழாய்தான் முதலில் தன் தவிப்பைக் காட்டும். இரத்தக்குழாய் பாதிப்பால் விறைப்புக் குறைபாடு வந்தவர்களுக்கு, நெஞ்சுவலியோ மாரடைப்போ பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர் வருகிறது. அந்த இடைவெளி ஒருவரைக் காப்பாற்றப் போதுமானது. கூச்சத்தால் அதை வீணாக்கியவர்களை நெஞ்சுவலிப் பிரிவின் கட்டிலில் நான் சந்தித்திருக்கிறேன். எப்போதிலிருந்து என்று மெல்ல விசாரித்தால், ‘அது போய் மூன்று வருடமாகிறது டாக்டர்’ என்பார்கள். ஆகையால் இந்த வாரமே சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு, ஈசிஜி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். டெஸ்டோஸ்டிரோனைக் காலை 11 மணிக்கு முன்பாகப் பரிசோதிக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். அது குறைந்தவர்களுக்கு விறைப்பைவிட விருப்பமே முதலில் குறைவது வழக்கம்.

இரத்த அழுத்த மாத்திரைகளில் அட்டெனலால் போன்ற பீட்டா தடுப்பான்களும், சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் தையசைடு வகையும் சிலருக்கு விறைப்பைக் குறைக்கலாம். மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் அப்படியே. எனினும் நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. மாற்று மருந்துகள் உண்டு; உங்கள் மருத்துவரிடம் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவர் மாற்றித் தருவார். புகையும் அளவுக்கு மீறிய குடியும் இருந்தால், அவற்றை விட்டபின் பலருக்கு விறைப்புக்கான மாத்திரையின் தேவையே குறைகிறது. இத்தாலியில் உடற்பருமன் உள்ள 110 ஆண்களிடம் நடத்தப்பட்டு, 2004-இல் வெளியான ஆய்வில், உணவையும் உடற்பயிற்சியையும் இரண்டு ஆண்டுகள் ஒழுங்குபடுத்தியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இயல்பு நிலைக்குத் திரும்பினர்.

தைராய்டு கோளாறு, புரோலாக்டின் என்னும் ஹார்மோன் மிகுதல், புராஸ்டேட் அறுவை சிகிச்சை, விபத்தில் இடுப்பெலும்பு முறிவு, தண்டுவடப் பாதிப்பு ஆகியவையும் காரணங்களே; உங்கள் கடிதத்தில் அவற்றுக்கான அறிகுறி எதுவும் இல்லை.

கேள்வி: எனக்கு வயது 28. திருமணமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. மனைவியுடன் இருக்கும்போது விறைப்பு தளர்ந்துவிடுகிறது. விடியற்காலையில் தூங்கி எழும்போது மட்டும் நன்றாக இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே லாட்ஜில் மாதம் ஒருமுறை வந்து தங்கும் வைத்தியர் ஒருவர், பள்ளிப் பருவத்துக் கைப்பழக்கத்தால் விந்து வீணாகி நரம்பு சுருங்கிவிட்டது என்று சொல்லி, 22,000 ரூபாய்க்கு லேகியமும் பொடியும் கொடுத்தார். பயன் இல்லை. நான் என் மனைவியின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இல்லை, தம்பி. உங்கள் கேள்விக்கான விடையை நீங்களே நான்காவது வாக்கியத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

உடல்நலமுள்ள ஆணுக்கு உறக்கத்தில், கனவு காணும் கட்டங்களில், ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு ஏற்படும். விடியற்காலையில் நீங்கள் காண்பது அதில் கடைசி முறை. நரம்பு சுருங்கியிருந்தாலோ இரத்தக்குழாய் அடைபட்டிருந்தாலோ அது நிகழாது. உங்கள் உடல் அந்தப் பணியை அறிந்தே வைத்திருக்கிறது. விழித்திருக்கும்போது அதைத் தடுப்பது அச்சம். அஞ்சும்போது சுரக்கும் அட்ரினலின், சண்டைக்கோ ஓட்டத்துக்கோ உடலை ஆயத்தப்படுத்துவதற்காக இரத்தத்தைக் கைகால் தசைகளுக்குத் திருப்பி, ஆணுறுப்பின் குழாய்களைச் சுருக்குகிறது. முதல் இரவில் ஏதோ ஒரு காரணத்தால் தளர்ந்திருக்கும். மறுநாள் ‘இன்றும் அப்படி ஆகிவிடுமோ’ என்று நினைத்தபடியே படுத்திருப்பீர்கள். அந்த நினைப்பே அட்ரினலினைச் சுரக்க வைத்திருக்கும். இரண்டு அறை வீட்டில், அடுத்த அறையில் பெற்றோர் இருமும் சத்தம் கேட்கும்படி தொடங்கும் நம் திருமணங்கள் பலவற்றில், முதல் சில மாதங்கள் இப்படிக் கழிவதில் வியப்பே இல்லை.

கைப்பழக்கத்தால் விறைப்பு போகாது. ஒரு சொட்டு விந்துக்கு அறுபது சொட்டு இரத்தம் என்ற கணக்கு எந்த உடற்கூற்றியலிலும் கிடையாது. விந்தின் பெரும்பகுதி விந்துப் பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் நீர், உயிரணுக்கள் அதில் மிகச் சிறு பங்கு, வெளியேறியது இரண்டொரு நாளில் மீண்டும் நிரம்பிவிடும். விந்து இழப்பைப் பற்றிய இந்த அச்சமே ஓர் ஆணை நோயாளியாக்கிவிடும் என்பதை மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-இல் ‘தாத் நோய்த்தொகுதி’ என்று பெயரிட்டு விவரித்தார்.

லாட்ஜ் வைத்தியத்தைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஆண்மைக் குறைவைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் சுவர்தோறும் அதைப் படிக்கிறோம். சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் மஞ்சள் பையிலிருந்து பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். உள்ளே கருநிற லேகியம். பாட்டிலில் தயாரித்தவர் பெயர் இல்லை, தேதி இல்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சொல் இல்லை. இத்தகைய தயாரிப்புகளில், ‘வயாக்ரா’ என்ற பெயரில் பலர் அறிந்த சில்டெனாஃபில் போன்ற விறைப்பு மருந்துகள் கலக்கப்பட்டிருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன. மிச்சமிருப்பதைச் சாப்பிடாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்து, ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரங்களுக்கு முழு உறவு வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். தொடுவதும் பேசுவதும் அணைப்பதும் இருக்கட்டும். பரீட்சை இல்லை என்று தெரிந்தால் அட்ரினலினுக்கு வேலை இல்லை. அமெரிக்காவில் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970 வாக்கில் வகுத்த இம்முறையை இன்றும் பாலியல் மருத்துவர்கள் கையாள்கிறோம். உங்கள் மனைவியிடம் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் மௌனமாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது, தன்னை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் அவர் எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டு மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் கணவருக்கு வயது 53. மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அதன்பின் என்னைவிட்டு விலகியே படுக்கிறார். அண்மையில் அவருடைய அலமாரியில் நண்பர் கொடுத்த நீல நிற மாத்திரை அட்டை ஒன்றைப் பார்த்தேன். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, சேலம்

பதில்: அம்மா, இதைப் படித்தவுடன் அவரிடம் பேசுங்கள், நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். அந்த நீல மாத்திரை சில்டெனாஃபிலாக இருந்தால், நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரையோடு அது சேரவே கூடாது. இரண்டும் ஒரே வழியில் குழாய்களை விரிப்பவை. சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சில்டெனாஃபில் சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், அதே வகை மருந்தான டடாலஃபில் சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட்டைத் தொடக் கூடாது. தப்பித்தவறிச் சாப்பிட்டபின் நெஞ்சுவலி வந்தால், நாக்குக்கு அடியில் எதுவும் வைக்காமல் 108-ஐ அழைத்து, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அங்கே வெட்கப்பட நேரமில்லை.

அவர் விலகிப் படுப்பதற்கு நீங்கள் காரணமல்ல. மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு வருவது மிகச் சாதாரணம்; உறவின்போது மறுபடி அடைத்துவிடுமோ என்ற பயமும் சேரும். மருந்துகளின் பங்கும் இருக்கலாம், குழாய்களின் பங்கு நிச்சயம் இருக்கும். மூச்சிரைப்பும் நெஞ்சுவலியும் இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிந்தவருக்குத் தாம்பத்திய உறவு பொதுவாகப் பாதுகாப்பானதே. ஆனால் அதை உறுதி செய்ய வேண்டியவர் அவருடைய இதய மருத்துவர்.

படுக்கையறையில் இப்பேச்சை எடுக்காதீர்கள். மாலை நடைப்பயிற்சியின்போது எடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அலமாரியில் இருக்கும் அந்த நீல அட்டையும் அதில் இருக்கட்டும்.