மயக்க மருந்து கொடுப்பவரும் டாக்டர்தானா? ஊசி போட்டபின் அவருக்கு என்ன வேலை?

ஆமாம், டாக்டர்தான். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., அதற்குமேல் 3 ஆண்டு மயக்கவியலில் எம்.டி. படித்துவிட்டுத்தான் நான் ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்தேன். 11 ஆண்டாக இதே வேலை.

‘மயக்க டாக்டர்’ என்ற பெயர் எங்கள் வேலையில் முக்கால்வாசியை மறைத்துவிடுகிறது. மயக்குவதற்கு ஒரு நிமிடம் போதும். பால்போல வெள்ளையாக இருக்கும் புரோபோபால் என்ற மயக்க மருந்து நரம்பில் ஏறியதும் ஆள் தூங்கிவிடுவார். பெரிய ஆபரேஷன் என்றால் தசைகளைத் தளர்த்தவும் மருந்து கொடுப்போம். அதோடு அவருடைய சொந்த மூச்சு நின்றுவிடும். அப்புறம் குழாய் வழியாக அவருக்கு மூச்சு கொடுப்பது, ரத்த அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவது, முடிந்ததும் பத்திரமாக எழுப்புவது எல்லாம் எங்கள் பொறுப்பு. தலைமாட்டை விட்டு நகர மாட்டோம். ஆக்சிஜன் குறையக் குறைய மானிட்டரின் ‘பீப்’ சத்தம் சுருதி இறங்கும். திரையைப் பார்க்கும் முன்பே காது சொல்லிவிடும்.

பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்த ஒரு அம்மாவை முந்தின நாள் பார்க்கப் போனேன். வாயைத் திறக்கச் சொல்லி, ஆடுகிற பல் இருக்கிறதா என்று பார்த்தேன். “வயித்துல ஆபரேஷனுக்குப் பல்லை எதுக்கும்மா பாக்குற? பெரிய டாக்டர் எப்ப வருவாரு?” என்றார். குழாய் போடும்போது பல் கழன்று மூச்சுக்குழலுக்குள் போய்விடக் கூடாதே என்று விளக்கினேன்.

மறுநாள் காலை 9 மணிக்கு ஆபரேஷன். ஏதாவது சாப்பிட்டீர்களா என்றதற்கு இல்லை என்று தலையாட்டினார். பின்னால் நின்ற மகள், “ஏழு மணிக்கு அரை டம்ளர் காபி மட்டும்” என்றார். மதியத்துக்குத் தள்ளிவைத்தேன். ஒரு காபிக்கா இப்படி என்று குடும்பமே கோபப்பட்டது. வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம் போதும். பால் கலந்தால் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். மயங்கிய உடம்புக்கு இருமத் தெரியாது. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அந்த மகள் வாய் திறந்ததற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்துக் காட்டும் வரை, நோயாளியை ஆட்கள் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அவசர அவசரமாக அறுத்து முடிக்க வேண்டியிருந்தது. நிதானமாக அறுவை செய்ய முடிந்ததே அதற்கப்புறம்தான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், மயக்க மருத்துவர் யார் என்று கேட்டு முன்கூட்டியே பேசுங்கள். வீசிங், குறட்டை, குடி, நாட்டு மருந்து, முன்பு மயக்கத்தில் வந்த தொல்லை, எதையும் மறைக்காதீர்கள். காலையில் குடித்த காபியையும்.