கைமாற்றாகக் கொடுத்த பணம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: இரண்டரை வருடத்துக்கு முன்னால் என் கணவரின் சித்தப்பா மகனுக்கு 23,000 ரேண்ட் கைமாற்றாகக் கொடுத்தேன், பேங்க் வழியாகத்தான் அனுப்பினேன். பத்திரம் எதுவும் எழுதவில்லை, எப்போது திருப்பித் தர வேண்டும் என்றும் பேசவில்லை. போன வருடம் கேட்டபோது, "தைப்பூசம் முடியட்டும் அண்ணி, உங்க 23,000ஐக் கட்டாயம் தந்துடறேன்" என்று வாட்ஸ்அப் அனுப்பினார். இப்போது போனையே எடுப்பதில்லை. அவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறார். கோர்ட்டுக்குப் போகலாமா? வட்டி கேட்கலாமா? சொந்தம் அறுந்துவிடும் என்று என் கணவர் பயப்படுகிறார்.
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பத்திரப்படுத்துங்கள். தேதியும் அவருடைய நம்பரும் தெரியும்படி படம் எடுத்து, இரண்டு பிரதி அச்செடுத்து வையுங்கள். போனை மாற்றினால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் பணத்தைக் காப்பாற்றப் போவது அந்த ஒரு வரிதான்.

நம் தென்னாப்பிரிக்காவில் 1969ஆம் வருடச் சட்டப்படி சாதாரணக் கடனுக்கு ஆயுள் மூன்று வருடம். அதற்குள் வழக்குப் போட்டு சம்மன் சேராவிட்டால், கடன் வாங்கியவர் "காலம் கடந்துவிட்டது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்தது. இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "முடியும்போது கொடு" என்று தேதி சொல்லாமல் கொடுத்தால், கேட்ட நாளிலிருந்துதானே மூன்று வருடம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கேட்டால் தர வேண்டிய கடனுக்கு, வேறு விதமாகத் தெளிவாகப் பேசியிருந்தாலொழிய, பணம் கொடுத்த நாளிலிருந்தே கணக்கு ஓடும் என்று 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் முடிவாகிவிட்டது. அந்தக் கணக்கில் உங்களுக்கு ஆறு மாதம்தான் மிச்சம் இருந்திருக்கும்.

ஆனால் கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் தன் கடனை ஒப்புக்கொண்டால் மூன்று வருடமும் முதலிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஒப்புக்கொள்வது முத்திரைத்தாளில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடனுக்கென்று 500 ரேண்ட் தந்தாலும் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியும். வாட்ஸ்அப் செய்தியையும் கோர்ட் சாட்சியமாக ஏற்கும், 2002இல் வந்த மின்னணுத் தொடர்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. உங்கள் கொழுந்தன் தொகையையே எழுதி, தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். இதைவிட என்ன வேண்டும்?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் அப்பா டர்பன் எர்லி மார்னிங் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தார். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் மாதக் கணக்கில் தக்காளியும் முருங்கைக்காயும் கத்திரிக்காயும் கடனுக்கு எடுத்துப் போனார். அப்பா ஒவ்வொன்றையும் தேதி போட்டு நீல அட்டை நோட்டில் எழுதினார். "அடுத்த மாசம், அண்ணே" என்ற பதிலை நாலு வருடம் நம்பினார். கடைசியில் வக்கீலிடம் போனோம், எனக்கு அப்போது 19 வயது. வக்கீல் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "அவருடைய கையெழுத்து எங்கே?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது நோட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். அப்புறம் நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து 31 வருடம் கடன் கடிதங்கள் தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் அந்த நோட்டு என் கண்முன் வரும்.

சரி, இனி செய்ய வேண்டியது. சிறு தொகை வழக்குகளுக்கென்று உள்ள ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் 20,000 ரேண்ட் வரைதான் விசாரிக்கும். உங்கள் கடன் 23,000. மேலே உள்ள 3,000ஐக் கைவிடுகிறேன் என்று சொன்னால் அங்கேயே போகலாம், ஆனால் விட்டதை இன்னொரு வழக்கில் கேட்க முடியாது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். நானாக இருந்தால் விட்டுவிடுவேன். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல் வைத்தால் அந்த 3,000ஐவிட அதிகமாகச் செலவாகும். ஸ்மால் கிளெய்ம்ஸில் வக்கீல் இரு பக்கமும் வாதாடக் கூடாது, நீங்களே பேசலாம்.

முதலில் ஒரு கடிதம். எப்போது, எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து என்று எழுதி, 14 நாள் கெடு கொடுங்கள். கையில் கொடுங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். 14 நாள் கழித்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோர்ட் கிளார்க்கிடம் கடிதம், ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் படம் எல்லாவற்றையும் கொண்டு போனால் சம்மன் தயாரித்துத் தருவார். அதை நீங்களே கொடுக்கலாம். சண்டை வரும் என்று தோன்றினால் கோர்ட் தாள்களைச் சேர்ப்பிக்கும் அதிகாரியான ஷெரிஃப் மூலம் கொடுங்கள், அதற்கு மட்டும் கட்டணம் உண்டு.

தீர்ப்பு வந்தும் தராவிட்டால், மாஜிஸ்திரேட் கோர்ட் வழியாக அவருடைய வரவு செலவை விசாரிக்கச் செய்யலாம். அவர் சம்பளக்காரர் என்றால் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்க உத்தரவு கேட்கலாம். எத்தனை உத்தரவு இருந்தாலும் மொத்தம் அடிப்படைச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்க முடியாது. இது நியாயமான விதி, அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

வட்டியைப் பற்றி: பேசாத வட்டியைப் பழைய தேதியிலிருந்து கேட்க முடியாது. கடிதத்தில் கெடு வைத்துக் கேட்ட பிறகு சட்டப்படியான வட்டி ஓடும், அது ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 3.5 சதவீதம் சேர்த்தது. நீங்கள் முன்பே வட்டி பேசியிருந்தால்தான் சிக்கல். வட்டிக்குக் கொடுப்பவர் 2005ஆம் வருட தேசியக் கடன் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லை என்றால், ஒரே ஒரு தடவை கொடுத்த கடன்கூடச் செல்லாமல் போகலாம். வட்டிக்குக் கொடுக்கும் எண்ணம் உள்ள மற்ற வாசகர்களும் இதைக் கவனியுங்கள்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: போனை எடுக்காத சொந்தம் ஏற்கெனவே பாதி அறுந்துதான் இருக்கிறது. கடிதம் போவதற்கு முன்னால் ஒரு பெரியவரை வைத்துப் பேசுங்கள். தவணையில் தருகிறேன் என்றால் சம்மதியுங்கள், ஆனால் அதை எழுதி அவருடைய கையெழுத்தை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

கேள்வி: எங்கள் ஹார்ட்வேர் கடை க்ளோஸ் கார்ப்பரேஷனாக, அதாவது ஒரு வகைச் சிறு நிறுவனமாகப் பதிவானது. ஒரு வீட்டுக் கான்ட்ராக்டர் 62,000 ரேண்டுக்கு செங்கல், சிமெண்ட் எடுத்துவிட்டுத் தரவில்லை. ஆளை அனுப்பி அவருடைய கான்கிரீட் மிக்ஸரை எடுத்து வந்துவிடலாமா?
- ஒரு வாசகர், வெருலம்

பதில்: வேண்டாம் தம்பி. கோர்ட் உத்தரவில்லாமல் எடுத்தால், கடன் உண்மையாகவே இருந்தாலும் கோர்ட் முதலில் மிக்ஸரைத் திருப்பிக் கொடுக்கத்தான் சொல்லும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அதை நீங்களே கெடுத்துக்கொள்ளாதீர்கள். செங்கலையும் மறந்துவிடுங்கள், சுவரில் ஏறிவிட்டால் அது வீட்டுக்காரருடையது.

ஸ்மால் கிளெய்ம்ஸ் உங்களுக்கு இல்லை. கம்பெனி, க்ளோஸ் கார்ப்பரேஷன் போன்றவை அங்கே வழக்குப் போட முடியாது. நீங்கள் போக வேண்டியது மாவட்ட மாஜிஸ்திரேட் கோர்ட், 200,000 ரேண்ட் வரை அங்கே. டெலிவரி நோட்டில் சரக்கை வாங்கிக்கொண்டவர் கையெழுத்து இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வக்கீல் கடிதம் போனதும் பலர் தவணை கேட்டு வருவார்கள். அப்போது மாஜிஸ்திரேட் கோர்ட் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி கடனை ஒப்புக்கொண்டு, தவறினால் தீர்ப்புக்குச் சம்மதம் என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஒரு தவணை தவறினால், முழு வழக்கையும் நடத்தாமலே கோர்ட்டிடம் தீர்ப்புக் கேட்கலாம்.

கான்ட்ராக்டர் தன் கம்பெனி பெயரில் சரக்கு எடுத்திருந்தால் அவருடைய சொந்தச் சொத்தைத் தொடுவது கடினம். அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதையே வேறு. வாய் ஜாமீன் செல்லாது, எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். இனி கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் முன் அந்த ஜாமீன் தாளை முன்னால் வையுங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிறவருக்கு ரொக்கத்துக்கு மட்டும் கொடுங்கள்.

கேள்வி: என்னிடம் 9,000 ரேண்ட் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் இறந்துவிட்டார். அவர் மனைவியிடம் கேட்கலாமா?
- ஒரு வாசகி, டோங்காட்

பதில்: அந்த அம்மாவிடம் கேட்காதீர்கள். அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தாலொழிய கடன் இறந்தவரின் சொத்துக்கணக்கில்தான் நிற்கும். சொத்தைப் பொறுப்பேற்றவர் கடன் கொடுத்தவர்களை அழைத்து செய்தித்தாளிலும் அரசிதழிலும் அறிவிப்புக் கொடுப்பார், கெடு குறைந்தது 30 நாள் இருக்கும். அதற்குள் சத்தியப் பிரமாணத்தோடும் ஆதாரத்தோடும் உங்கள் 9,000ஐ எழுதிக் கொடுங்கள். பொறுப்பேற்றவர் யார் என்பதை இறந்தவர்களின் சொத்துக்கணக்கை மேற்பார்க்கும், டர்பனில் உள்ள மாஸ்டர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். கருமாதி முடியும் வரை பொறுத்து, அப்புறம் போங்கள்.