ஹெஸ்டாலன் வெளிச்சம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நார்வேயில் ஹெஸ்டாலன் என்ற மலைப் பள்ளத்தாக்கில் இரவில் மர்ம வெளிச்சங்கள் தெரிவதாகப் படித்தேன். உண்மையா, கட்டுக்கதையா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: வெளிச்சம் தெரிவது உண்மை. அது என்ன என்பதில்தான் வழக்கு இன்னும் தீரவில்லை. ட்ரொண்ட்ஹைம் நகருக்குத் தெற்கே, ரோரோஸ் என்ற பழைய செம்புச் சுரங்க ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தாக்கு அது. நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர், குடியிருப்பவர்கள் மிகக் குறைவு. 1981 டிசம்பர் முதல் 1984 கோடை வரை வெளிச்சம் அடிக்கடி தெரிந்தது. உச்சத்தில் வாரத்துக்கு 15, 20 முறை வரை பார்த்திருக்கிறார்கள். இப்போது ஆண்டுக்கே 10, 20 முறைதான்.

பார்த்தவர்கள் சொல்வது ஒரே மாதிரி இல்லை. மலைமுகட்டுக்கு மேலே வெள்ளையாகவோ நீலமாகவோ பளிச்சென்று மின்னி மறைவது ஒரு வகை. மஞ்சள் கலந்த வெள்ளை வெளிச்சம் நிமிடக்கணக்கில், சில சமயம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, அசையாமல் நிற்பதோ மெல்ல நகர்வதோ இன்னொரு வகை. இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே என்று எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

கேள்வி: விஞ்ஞானிகள் யாரும் போய்ப் பார்க்கவில்லையா?
– ஆசிரியர், ஈரோடு

பதில்: போனார்கள், கடுங்குளிரில் தங்கியும் பார்த்தார்கள். பொறியாளர் ஏர்லிங் ஸ்ட்ராண்ட் முன்னின்று நடத்திய ‘ஹெஸ்டாலன் திட்டம்’ 1984 ஜனவரி 21 முதல் பிப்ரவரி 26 வரை ரேடார், காந்தமானி, நில அதிர்வுமானி, ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பதியும் நிறமாலைக் கேமரா எல்லாவற்றோடும் அங்கே முகாமிட்டது. 1998-இல் தானாகவே படம் பிடிக்கும் நிலையம் ஒன்றை நிறுவினார்கள். பிறகு இத்தாலிய ஆய்வாளர்களும் வந்து சேர்ந்தார்கள்.

விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளத்தாக்கின் ஒரு பக்கப் பாறையில் துத்தநாகமும் இரும்பும், எதிர்ப்பக்கத்தில் செம்பு, நடுவே கைவிட்ட சுரங்கத்தின் கந்தகம் கலந்த ஆறு, ஆக மொத்தம் இயற்கையே கட்டிய பேட்டரி என்பது ஒன்று. ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் சிதைவால் தூசி மின்னேற்றம் பெறுகிறது என்பது மற்றொன்று. பேட்டரி விளக்கம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தரையில் ஓடும் சிறு மின்னோட்டம் காற்றில் ஒரு பந்தாகத் திரண்டு ஒளிர்வது எப்படி என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

கேள்வி: எல்லாம் கார் விளக்குதான் என்கிறார் நண்பர்.
– வாசகர், மதுரை

பதில்: ‘எல்லாம்’ என்பது தவறு, ‘பல’ என்பது சரி. 2002-இல் இத்தாலியக் குழு பதிவு செய்தவை கார் முகப்பு விளக்குகளோடு ஒத்துப்போகின்றன என்று அவர்கள் நாட்டு ஆய்வாளரான மாத்தேயோ லியோனேவே வாதிட்டார். தொலைவில் மலைச்சாலையில் நம்மை நோக்கி வரும் காரைப் பாருங்கள்: வெளிச்சம் நகராது, கூடிக்கொண்டே போய், வளைவில் சட்டென்று அணையும். அடிவானத்தில் வெள்ளி கிரகம், தரையிறங்கும் விமானம், வரிசையாகப் போகும் செயற்கைக்கோள்கள் இவையும் ஏமாற்றும். இருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், அது நின்ற இடத்திலேயே நின்றாலும் ஆடுவதாகக் கண் சொல்லும். அதனால் ஒரு கம்பத்தையோ கூரை விளிம்பையோ ஒட்டிவைத்துத்தான் அசைவைத் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் நான்கு பேர் அங்கே போகிறோம். எடுக்கும் படம் ஆய்வுக்குப் பயன்பட என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், ஒஸ்லோ

பதில்: நான்கு பேரும் ஒரே இடத்தில் நிற்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஒற்றைப் படத்தில் தூரம் தெரியாது. தூரம் தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் சிறு விளக்கா, தொலைவில் இருக்கும் பெருவெளிச்சமா என்று சொல்லவே முடியாது. இரண்டிரண்டு பேராக 500 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அந்த இடைவெளிக்குக் குறுக்கான திசையில், 5 கிலோமீட்டரில் இருக்கும் வெளிச்சம் இரு இடங்களிலிருந்தும் ஏறக்குறைய 5.7 பாகை (டிகிரி) விலகித் தெரியும். 15 கிலோமீட்டரில் இருந்தால் 1.9 பாகைதான். கை நீட்டிப் பிடித்த சுண்டுவிரலின் அகலம் ஒரு பாகை என்பது நினைவிருக்கட்டும்.

கேமராக் கடிகாரங்களைக் கைப்பேசியோடு நொடி பிசகாமல் பொருத்துங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இரண்டு நிமிடம் முன்பின் இருந்தால் அந்த இரவு முழுவதும் வீண். முக்காலியை நகர்த்தாமல், பகல் வெளிச்சம் இருக்கும்போதே, அதே சட்டத்தில் (ஃப்ரேமில்) ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரவுப் படத்தை அதன்மேல் வைத்தால், வெளிச்சம் எதிர்மலையின் விளிம்புக்குக் கீழே விழுகிறதா என்று தெரியும். கீழே என்றால் அது அந்த மலைக்கு இப்பால்தான் இருக்கிறது. பைசாச் செலவில்லாமல் கிடைக்கும் உறுதியான தூர வரம்பு அது.

குவியத்தை (ஃபோகஸை) கையால் ஒரு நட்சத்திரத்தில் வைத்து, வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள். ‘ஒளிப்பந்து’ என்று சுற்றிவரும் படங்களில் பல, குவியம் தப்பிய புள்ளிகளே. லென்ஸ் துளை எஃப் 2.8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 1600, ஒரு படத்துக்கு 10 நொடி என்று தொடங்கலாம். வெளிச்சம் கூடிக்குறையும் துடிப்பு நீண்ட எக்ஸ்போஷரில் பதியாது, ஆகவே ஒரு கேமராவை வீடியோவில் ஓடவிடுங்கள்.

லென்சுக்கு முன்னால் மில்லிமீட்டருக்கு 500 கோடு கொண்ட, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கிரேட்டிங் படலத்தை ஒட்டினால் நிறமாலை கிடைக்கும். அது மூல ஒளியிலிருந்து சுமார் 16 பாகை தள்ளி விழும். சிறிய சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு, வெளிச்சத்தை நடுவில் வைத்தால் நிறமாலை சட்டத்துக்கு வெளியே போய்விடும். 24 மி.மீ. போடுங்கள். ஹாலஜன் விளக்கு இடைவெளியில்லாத பட்டையாக விழும். எல்இடி என்றால் நீலத்தில் ஒரு முனை, மஞ்சளில் அகன்ற மேடு. முதல் இரவே ஊர் விளக்குகளையும் உங்கள் காரையும் இப்படி எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிடச் சுலபம்.

டிசம்பரில் பகல் ஐந்து மணி நேரம்தான் என்பதால் இருட்டு தாராளம். ஆனால் மைனஸ் 20-இல் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். மூன்று எடுத்துக்கொண்டு, இரண்டை உள்சட்டைக்குள் வையுங்கள். திரும்பி வந்து கதவைத் திறக்கும் முன் கேமராவை நெகிழிப்பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் வியர்த்துவிடும். 1984 முகாமில் வெளிச்சத்தை நோக்கி லேசர் அடித்தபோது ஒன்பதில் எட்டு முறை வெளிச்சம் துடிப்பை மாற்றியதாக அறிக்கை உண்டு. அதைப் படித்துவிட்டு நீங்கள் லேசர் கொண்டுபோக வேண்டாம். அந்தப் புள்ளி விமானமாக இருந்தால் விமானியின் கண் கூசிப் பார்வை தடுமாறும்.

கேள்வி: இதுவும் நம் ஊர்க் கொள்ளிவாய்ப் பிசாசுதானா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. கொள்ளிவாய்ப் பிசாசு என்பது சதுப்பில் தரையை ஒட்டி மங்கலாகத் தெரிவதாகச் சொல்வது. ஹெஸ்டாலனில் பலரும் பார்த்தது கிலோமீட்டர் கணக்கான தொலைவிலும் தெளிவாகத் தெரியும் பிரகாசம், அதுவும் குளம்குட்டை உறைந்துகிடக்கும் மாதங்களில். கொள்ளிவாய்ப் பிசாசுக்குக் காரணமாகச் சொல்லும் சதுப்பு வாயு இதற்குப் போதாது.