தேக்கை நின்றபடியே கொடுப்பதா, நாமே வெட்டுவதா?

கேள்வி: ஆலங்குடி பக்கம் எங்களுக்கு நிலம் இருக்கிறது. அப்பா 2004-இல் வரப்போரமும் கிணற்றைச் சுற்றியும் வைத்த தேக்கில் 150 மரம் நிற்கிறது. உள்ளூர் வியாபாரி ஒருவர் ஒரு சுற்று பார்த்துவிட்டு, “மொத்தமாக 4.8 லட்சம், நாளைக்கே 25,000 அட்வான்ஸ்” என்கிறார். நாமே வெட்டி மரம் அறுக்கும் மில்லுக்கு ஏற்றினால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்கிறான் சித்தப்பா மகன். எனக்குச் சென்னையில் வேலை. பணத்துக்கு அவசரம் இல்லை. பட்டா அம்மா, அக்கா, நான் மூவர் பெயரிலும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அட்வான்ஸை இன்னும் கை நீட்டி வாங்கவில்லையே? வாங்காதீர்கள். வியாபாரி உங்கள் மரத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டார். நீங்கள் இன்னும் அளக்கவில்லை. அவருடைய பேர பலம் பாதி அதில்தான் இருக்கிறது.

ஒரு தையல் டேப்போடு ஊருக்குப் போங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்பில் எண் போட்டு, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவையும், நேராக எத்தனை அடி தேறும் என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வெட்டிய கட்டைக்கு நடுச்சுற்றளவுதான் (நீளத்தின் நடுவில் அளக்கும் சுற்றளவு) கணக்கு. அது நீங்கள் அளந்ததைவிடச் சில அங்குலம் குறையும். நடுச்சுற்றளவை (அங்குலத்தில்) நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் (அடியில்) பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. நடுச்சுற்று 32 அங்குலம், நீளம் 12 அடி என்றால் 8 × 8 × 12 ÷ 144, அதாவது 5.33 கன அடி. உருண்டைக் கட்டையின் உண்மையான கன அளவைவிட இந்த முறை 21 சதவீதம் குறைத்துத்தான் காட்டும். வியாபாரமே இதில் ஓடுவதால் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் மில் சொல்லும் விலையும் இதே அளவு முறைக்கா, பட்டை சேர்த்தா, நீக்கியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மரங்களின் சராசரி அந்த 5.33 என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 800 கன அடி. வியாபாரி கன அடிக்கு 600 ரூபாய் தருகிறார். மில் வாசலில் 1,000 என்று வைத்தால் 8 லட்சம் வருமே என்று தோன்றும். வராது. கோணல், பொந்து, வெடிப்பு என்று பத்தில் ஒரு பங்கு கழிந்தால் மிஞ்சுவது 720 கன அடி, 7.2 லட்சம். வெட்டுக்கூலி, துண்டு போடுவது, ஏற்றுக்கூலி, லாரி வாடகை, பெர்மிட் அலைச்சல் எல்லாம் சேர்த்து 1.1 லட்சம் என்றால் கையில் 6.1 லட்சம். வியாபாரி தருவதைவிட 1.3 லட்சம் அதிகம்தான், ஆனால் இரண்டு மடங்கு எங்கே? 1,000-மும் 1.1 லட்சமும் நான் உதாரணத்துக்குப் போட்டவை. இரண்டு மூன்று மில்லில் விசாரித்து உங்கள் எண்களைப் போடுங்கள். இருபது வயது தேக்கில் வெள்ளை (வெளிப்பக்க மென்கட்டை) அதிகம், வைரம் (உள்ளே இருக்கும் கெட்டிக் கட்டை) குறைவு; பழைய தேக்கின் விலையை இதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

அந்த 1.3 லட்சத்துக்கு நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்வது என்ன? பவர் சா பிடிப்பவர் உங்கள் ஆள். அவருக்கு ஏதாவது ஆனால் உங்கள் பொறுப்பு. மின்கம்பியோரம் நிற்கும் மரத்துக்கு மின்வாரியத்திடம் நீங்கள்தான் போக வேண்டும். வெட்டிப் போட்ட கட்டை வயலில் கிடக்கும்போது மில்காரர் விலையைக் குறைத்தால், திரும்ப நட்டு வைக்க முடியாது. சென்னையிலிருந்து போனில் நடத்துகிற வேலை இல்லை இது.

அதனால் நான் சொல்வது மூன்றாவது வழி: மரத்தை நின்றபடியே வியாபாரியிடம் விடுங்கள், விலையை மட்டும் கன அடிக்குப் பேசுங்கள். வெட்டுவது, ஏற்றுவது, ஆட்கள் எல்லாம் அவர் பொறுப்பு. வெட்டிய கட்டையை உங்கள் வயலிலேயே உங்கள் ஆள் ஒருவர் முன்னால் அளக்க வேண்டும். அன்றன்று ஏற்றும் லோடுக்கு அன்றன்றே பணம். மேலே உள்ள கணக்கில் 700 ரூபாய்க்குப் படிந்தால்கூட, 720 கன அடிக்கு 5 லட்சத்துக்கு மேல் வரும். அலைச்சலும் உங்களுக்கு இல்லை. இதற்கு ஒப்புக்கொள்ளாத வியாபாரி குத்துமதிப்பிலேயே லாபம் பார்க்கிறவர். இன்னொருவரை வரச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுங்கள். எந்த எண் மரங்கள், எந்தத் தேதிக்குள் என்பது கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பருத்த நாற்பது மரத்தை முதல் வாரத்தில் ஏற்றிவிட்டு, மெலிந்ததை “அப்புறம் வருகிறேன்” என்று விட்டுப்போவார்கள். மிலாறு (கிளை, சுள்ளி) யாருக்கு என்பதையும் எழுதுங்கள். அடிக்கட்டையைத் தோண்ட விடாதீர்கள். தேக்கு மறுபடி தழையும், நல்ல தளிர் ஒன்றை விட்டு மற்றதைக் கழித்தால் அடுத்த வெட்டுக்கு ஆகும்.

தேக்கை ரோட்டில் ஏற்ற வனத்துறை பெர்மிட் வேண்டும். அடங்கலில் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு) தேக்கு ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே பாருங்கள். “பெர்மிட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வியாபாரி சொன்னாலும் நிலம் உங்களுடையது. வெற்றுத்தாளில் கையெழுத்து போடாதீர்கள். கூட்டுப் பட்டா என்பதால் அம்மா, அக்கா இருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். பணத்தையும் மூவர் கணக்கிலும் பிரித்தே போடச் சொல்லுங்கள்.

வரி? அப்பா நட்டு, தண்ணீர் விட்டு வளர்த்த மரம் என்பதால் இது விவசாய வருமானம், வரிவிலக்கு உண்டு. ஆனால் 5,000 ரூபாய்க்கு மேல் போனால் உங்கள் சம்பளத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிட அதையும் சேர்ப்பார்கள்; கணக்குத் தாக்கலில் காட்டிவிடுங்கள். பலகையாக அறுத்து விற்றால் அந்தக் கூடுதல் லாபத்தை வியாபார வருமானம் என்று சொல்ல இடமிருக்கிறது. ஒரே பரிவர்த்தனைக்கு ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கினால் அதே அளவு அபராதம். எல்லாம் வங்கி வழியே வரட்டும்.

அவசரம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 150-ஐயும் எதற்கு இப்போதே கொடுக்க வேண்டும்? சுற்றளவு 36 அங்குலமுள்ள மரம் மூன்று வருடத்தில் 40 அங்குலம் ஆனால் கன அளவு 23 சதவீதம் கூடும். வருடத்துக்கு ஏழு சதவீதத்துக்கு மேல், வங்கி வைப்பு நிதியோடு போட்டி போடும் வளர்ச்சி. பருமன் கூடக் கூட கன அடி விலையும் ஏறும். நிழலில் நின்று பருக்காமல் போன மரங்களையும் கோணல் மரங்களையும் இந்தக் கோடையில் கொடுத்துவிடுங்கள். வெறும் மெலிந்ததை மட்டும் எடுக்க வியாபாரி முகம் சுளிப்பார், பத்துப் பதினைந்து நல்ல மரத்தையும் கூடச் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும். கிணற்றைச் சுற்றி நேராக நிற்பவற்றை விட்டுவைத்து, அடுத்த வருடம் அதே டேப்பில் மறுபடி அளந்து பாருங்கள்.