சான்ஸ் செரிஃபில் செரிஃப் எதற்கு? கேள்வி பதில்

கே: சான்ஸ் செரிஃப் என்றாலே செரிஃப், அதாவது எழுத்துத் தண்டின் முனையில் வரும் சின்னக் கோடு, இல்லாதது. ஆனால் நான் நிரல் எழுதப் பயன்படுத்தும் மோனோஸ்பேஸ் ஃபான்டில் சின்ன 'ஐ', சின்ன 'எல்' இரண்டுக்கும் தலையிலும் அடியிலும் கோடு இருக்கிறதே. அப்படியானால் பெயரே பொய்தானே?

ப: பொய்யில்லை. 'என்', 'ஹெச்', 'கே' எதிலும் அந்தக் கோடு இராது. ஒல்லியான சில எழுத்துகளுக்கு மட்டும்தான். மோனோஸ்பேஸில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். எழுத்தளவை 1000 அலகாகப் பிரித்தால், பல ஃபான்ட்களில் அந்த அகலம் 600. அதன் நடுவே 80 அலகுத் தடிமனில் ஒரே ஒரு தண்டை நட்டு அதுதான் 'எல்' என்றால், இரு பக்கமும் 260 அலகு காலி. இரண்டு 'எல்' அடுத்தடுத்து வந்தால் நடுவே 520. ஓர் எழுத்து விட்டுப்போச்சோ என்று தோன்றும். அதே 600-க்குள் சின்ன 'எம்' வரும்போது கதை தலைகீழ். மூன்று தண்டுகளுக்கு 240 போய்விடும். ஓரங்களில் 40, 40 விட்டால், உள்ளே இருக்கும் இரண்டு சந்துகளுக்கும் தலா 140தான். இந்த ஓட்டையும் அந்த நெரிசலும் ஒரே வரியில் சேர்ந்தால் வரி திட்டுத் திட்டாகத் தெரியும். 'எல்'லுக்குச் செரிஃப் வைப்பது அந்த ஓட்டையை அடைக்கத்தான்.

கே: எண் 1, பெரிய 'ஐ', சின்ன 'எல்' மூன்றும் குழம்பக்கூடாது என்பதற்காகத்தான் செரிஃப் என்று படித்தேனே சார்?

ப: அதுவும் காரணம்தான், ஆனால் முதல் காரணமில்லை. சின்ன 'ஜே'யை எதோடு குழப்பிக்கொள்வீர்கள்? அதற்கும் தலையில் இடப்பக்கம் ஒரு கோடு போடுகிறார்கள். ஃபிரா மோனோ என்ற மோனோஸ்பேஸ் ஃபான்டில் சின்ன 'ஆர்' எழுத்துக்கு அடியில் செரிஃப் உண்டு. வலப்பக்கம் கீழே வெறிச்சோடிக் கிடக்கும் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. குழப்பத்தைத் தீர்க்க மட்டும் செரிஃப் வேண்டியிருக்கும் இடத்தைப் பார்க்க மோனோஸ்பேஸை விட்டு வெளியே போகவேண்டும். மைக்ரோசாஃப்டுக்காக மேத்யூ கார்ட்டர் வரைந்து 1996-இல் வெளிவந்த வெர்டானாவில் பெரிய 'ஐ'க்குச் செரிஃப் உண்டு, சின்ன 'எல்' வெறும் தண்டு. அங்கே எழுத்துக்கு எழுத்து அகலம் மாறலாம் என்பதால், இடத்தை அடைக்கும் வேலையே இல்லை.

கே: கன்சோலாஸ் ஃபான்டில் 'எல்'லுக்கு அடியில் நேர்கோடு, மென்லோ ஃபான்டில் வலப்பக்கம் வளைந்த வால். எது மேல்?

ப: என் ஓட்டு வாலுக்கு. எண் 1-க்கும் அடியில் நேர்கோடுதான். 'எல்'லுக்கும் அதையே போட்டால், இரண்டையும் பிரிப்பது தலை மட்டுமே: 1-இல் சாய்ந்த கொடி, 'எல்'லில் கிடைக்கோடு. சின்ன அளவில் அந்தச் சாய்வு ஒன்றிரண்டு பிக்சலில் கரைந்துவிடும். வால் வைத்தால் அடியிலும் வித்தியாசம் தெரியும். அதற்கும் ஒரு விலை உண்டு. எழுத்து வலப்பக்கம் கனத்துவிடும், தண்டைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தவேண்டும். எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் கிடையாது. 'ஐ'யும் 'எல்'லும் மாறி மாறி வரும் சொற்களை அடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். கன்சோலாஸைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். நன்றாகத் தேறிய ஃபான்ட் அது.

கே: முதல் ஃபான்ட் வரைகிறேன். போல்டில் செரிஃபையும் தண்டு அளவுக்குத் தடியாக்கணுமா?

ப: வேண்டாம், ஒரு படி மெலிசாகவே இருக்கட்டும். போல்டிலும் அகலம் அதே 600தான் என்பதை மறந்துவிடாதீர்கள். மாற்றினால் ஒரு சொல்லைத் தடித்ததுமே நேராக நின்ற நெடுவரிசை கலைந்துவிடும். தண்டு தடித்தால் பக்கத்து வெற்றிடம் தானாகக் குறையும். அதனால் தண்டைத் தாண்டி வெளியே நீளும் பகுதியைக் கொஞ்சம் குறைக்கலாம்.

கே: இவ்வளவு நல்லதென்றால் எல்லா எழுத்துக்கும் செரிஃப் உள்ள கூரியர் ஃபான்டையே வைத்துக்கொள்ளலாமே?

ப: தாராளமாக. ஆனால் 1950-களில் ஐபிஎம் தட்டச்சு இயந்திரங்களுக்காகப் பிறந்த கூரியரில், ஏற்கெனவே மூச்சு முட்டும் 'எம்', 'டபிள்யூ' எழுத்துகளிலும் செரிஃப் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சான்ஸ் மோனோவில் அங்கே விட்டுவிடலாம். சில ஃபான்ட்களில் 'எம்'மின் நடுக்காலையே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

கே: தமிழுக்கு இதே உத்தி உதவுமா?

ப: இடத்தை அடைக்க உதவாது. நமக்கு ஒல்லி எழுத்து தொல்லையில்லை, 'ண', 'ஔ' போன்ற அகல எழுத்துகள்தான் தொல்லை. அவற்றை ஒரே கட்டத்துக்குள் அமுக்கினால் சுழிகள் ஒட்டிக்கொள்ளும். இரண்டு கட்டம் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. குழப்பம் தீர்க்கும் வேலை மட்டும் நம்மிடமும் உண்டு: 'ர'வின் அடியில் சாய்வாக ஒரு கீற்றுப் போட்டு, 'கா'வில் வரும் காலிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுகிறோமே, அதுதான். மோனோஸ்பேஸ் தமிழ் வரைபவர்கள் இடம் மிச்சம் பிடிக்க அந்தக் கீற்றை வெட்டிவிடவேண்டாம்.